ஆபீசர் அண்ணாச்சி

ஒவ்வொரு முறை விடுப்பு முடிந்து தோஹாவுக்குத் திரும்பும்போதும் ஏர்போர்ட்டில் இமிக்ரேஷன் வரிசையில் நிற்கிறேன். என் கையில் எல்லாம் சரியாகவே இருக்கும். நர்ஸ் வேலைக்கான விசா, ஆஸ்பத்திரி அடையாள அட்டை, எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் என் முறை நெருங்க நெருங்க பாஸ்போர்ட்டைத் திறந்து திறந்து பார்ப்பேன். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்க்கிற நேரத்தில், அங்கே எனக்கு வேறொருவருடைய கண்கள் தெரியும். தென்காசியை ஒட்டிய மேலகரத்தில் எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு கார் டிரைவரின் கண்கள் அவை.

ஊரில் அவருக்குப் பெயரே ஆபீசர்தான். பெரியவர்கள் வெறுமனே ஆபீசர் என்பார்கள், நாங்கள் ஆபீசர் அண்ணாச்சி என்போம். அவர் எந்த ஆபீசிலும் வேலை பார்த்ததில்லை. தென்காசி, கடையநல்லூர், இலஞ்சிப் பக்கத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைத் தன் வெள்ளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, செங்கோட்டை வழியாக மலை தாண்டி, கேரளத்தில் ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டு வருவார். அதுதான் அவர் பிழைப்பு. இப்போது அவர் எங்கள் தெருவில் இல்லை. வண்டியை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார்.

பட்டப்பெயர் வரக் காரணம் அவருடைய கேள்விகள். மனிதருக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. கடைக்குப் போகிற பிள்ளையை வழிமறித்து, "எங்க போறே? எதுக்குப் போறே? யாரு அனுப்புனா? எப்பத் திரும்புவே?" என்று ஒரே மூச்சில் கேட்பார். தடுமாறினால் விடமாட்டார். "மொதல்லேருந்து சொல்லு" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். அவர் தலை தெரிந்தாலே நான் சந்து வழியாக ஓடிவிடுவேன். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. குற்றாலச் சீசனில் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனால் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கே அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்கிற ரகம்.

அவர் மனைவியும் தப்பவில்லை. சந்தையிலிருந்து பையோடு வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி விசாரணை நடக்கும். "இந்த மனுசங்கிட்ட கத்தரிக்கா வாங்கிட்டு வந்ததுக்கும் விசா காட்டணும் போல" என்று அவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி சலித்துக்கொள்வார்.

அண்ணாச்சி இப்படி ஆனதற்கு ஒரு கதை உண்டு. அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். இளவயதில் அவரும் சவுதிக்குக் கிளம்பியவர்தான். மாலை போட்டு, சொந்தக்காரர்கள் எல்லாம் வேன் பிடித்துப் போய் வழியனுப்பியிருக்கிறார்கள். இமிக்ரேஷன் கவுண்டரில் அப்பா பேர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இவருக்கு வாய் ஒட்டிக்கொண்டது. "பயத்துல எங்கய்யா பேரு மறந்தே போச்சு. சந்தேகப்பட்டு ஓரமா உக்கார வச்சிட்டாவ. பிளேனு போயிட்டு. மாலையோட போனவன் மாலை வாடுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துட்டேன்" என்பார். அதன்பிறகு அவர் எந்த நாட்டுக்கும் போகவில்லை. மற்றவர்கள் அந்தக் கவுண்டரைத் தாண்ட வேண்டும் என்பது மட்டும் அவருக்கு ஒரு வெறியாகப் போய்விட்டது.

அவருடைய வண்டியில் போனவர்கள் எல்லோரும் சொல்கிற காட்சி ஒன்று உண்டு. மாநில எல்லையில் இருக்கிற புளியரை செக்போஸ்ட் வரைக்கும் அண்ணாச்சி ஊர்ப்பட்ட கதை பேசுவார். மழை, சினிமா, எவன் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் வரும். செக்போஸ்ட் தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியதும் பாட்டை நிறுத்துவார். தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியைக் கீழே இறக்கி, அதில் தன் கண்கள் மட்டும் தெரிகிற மாதிரி திருப்பிவைப்பார். அந்தக் கண்ணாடிதான் கவுண்டர். குரல் மாறிவிடும்.

"எவிடேக்கா?" என்று முதல் கேள்வி மலையாளத்தில் வரும். எங்கே போகிறாய் என்று. பின்சீட்டில் இருப்பவர் விழிப்பார். "எந்தினா போகுன்னே?" என்று அடுத்தது, எதற்குப் போகிறாய் என்று. பிறகு தமிழில், அரைகுறை இந்தியில், மறுபடி தமிழில். வளைவுகளில் வண்டி திரும்பும்போதும் அந்தக் கண்கள் ஆளைவிட்டு நகராது. ரோட்டை எப்படிப் பார்த்தார் என்று யாருக்கும் தெரியாது. குளத்துப்புழையில் டீ குடிக்க நிறுத்தும்போதுதான் பழைய அண்ணாச்சி திரும்பி வருவார். "பாஸ்" என்பார், அல்லது "பெயிலு, திரும்பவும் கேப்பேன்" என்பார்.

கடையநல்லூரில் தறி நெய்துகொண்டிருந்த ஒருவர் பயத்தில் எல்லாக் கேள்விக்கும் "ஆமா சார்" என்றாராம். "எந்த ஊரு?" "ஆமா சார்." "உம்ம பேரு என்ன?" "ஆமா சார்." டீக்கடையில் அண்ணாச்சி அவர் முகத்தில் தண்ணீர் தெளித்து உட்காரவைத்துப் பழக்கி, ஏர்போர்ட் போவதற்குள் தேற்றிவிட்டார். அந்த மனிதர் ஒவ்வொரு லீவுக்கும் பேரீச்சம்பழப் பெட்டியோடு அண்ணாச்சி வீட்டுக்கு வருவார். வாசலில் நின்று "ஆமா சார்" என்று குரல் கொடுப்பார். வீடே சிரிக்கும்.

பயப்படாதே என்று மட்டும் அண்ணாச்சி யாருக்கும் சொன்னதில்லை. "பயம் இருக்கத்தான் செய்யும். அத எங்கன வைக்கணும்னு தெரிஞ்சாப் போதும். கண்ணுல வைக்காதீய. கால் பெருவிரல்ல வச்சிக்கிடுங்க. செருப்புக்குள்ள எவன் பாக்கான்?" என்பார். இறக்கிவிட்ட பிறகும் அவர் உடனே கிளம்பமாட்டார். கவுண்டரைத் தாண்டியதும் உள்ளேயிருந்து அவருக்கு ஒரு போன் செய்ய வேண்டும். அது வருகிறவரை வண்டிக்குப் பக்கத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பார்.

ஒழுங்கான விசாவோடு போகிறவர்களுக்கு இவ்வளவு பயிற்சி தேவையில்லை. ஆனால் எல்லோரும் அப்படிப் போவதில்லை. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகத் தனியாக அரசாங்க அனுமதி வாங்க வேண்டும். வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு அது லேசில் கிடைக்காது. ஏஜெண்டுகள் கண்டுபிடித்த குறுக்குவழி விசிட் விசா. சுற்றிப்பார்க்கப் போகிறேன், சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறேன் என்று கவுண்டரில் சொல்ல வேண்டும். அந்தப் பொய்யைத்தான் அண்ணாச்சி மலைப்பாதையில் பழக்கிக் கொடுத்தார். பாவம், ஒரு குடும்பம் பிழைக்கட்டுமே என்றுதான் செய்தார். கவுண்டரில் இருப்பவரை எதிராளி என்றே நம்பினார். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நம்பினோம்.

இலஞ்சியிலிருந்து ஒரு பெண் போனாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். துபாயில் இருக்கிற தம்பியைப் பார்க்கப் போகிறேன் என்பது அவளுக்குக் கொடுக்கப்பட்ட பதில். அவளுக்குத் தம்பியே கிடையாது. ஆனால் அண்ணாச்சி கேட்கக் கேட்க அந்தத் தம்பிக்கு ஒரு பெயர், ஒரு வேலை, பிடித்த குழம்பு, சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு எல்லாம் வந்துவிட்டன. கேட்டதும் பளிச்சென்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னாளாம். "இவள மாதிரி ஒருத்தி என் வண்டில ஏறுனதே இல்ல" என்று தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

கொஞ்ச நாளில் அவளிடமிருந்து போன் வருவது நின்றது. அவளுடைய தாய் இலஞ்சியிலிருந்து நடந்தே வந்து அண்ணாச்சி வீட்டு வாசலில் நிற்பாள். சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. "எம்புள்ள எங்கய்யா இருக்கா?" என்று மட்டும் கேட்பாள். ஊரையே கேள்வி கேட்டவர் அந்த ஒரு கேள்வியோடு ஏஜெண்டிடம் ஓடினார். அவன், "நல்லாத்தான் இருக்கா, போன் குடுக்க மாட்டாவ, அவ்வளவுதான்" என்று கையை விரித்தான்.

ரொம்ப நாள் கழித்து அவள் திரும்பி வந்தாள். இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. அண்ணாச்சி வீட்டுக்கு அவள் வந்த அன்று அவர் மனைவியிடம் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க நானும் போயிருந்தேன். அதனால் என் காதாலேயே கேட்டேன்.

"அண்ணாச்சி, ஒங்கள ஒண்ணும் சொல்ல வரல. ஒரு விசயம் சொல்லணும்னு இருந்துச்சி" என்றாள். "அன்னைக்கி கவுண்டர்ல ஒரு அம்மா இருந்தா. எல்லாம் கேட்டுட்டு, கடைசில பேனாவ கீழ வச்சிட்டு, 'உண்மையச் சொல்லும்மா, வேலைக்கா போற? நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்'னு கேட்டா. ரொம்ப மெதுவாக் கேட்டா அண்ணாச்சி. எங்க அக்கா கேட்ட மாதிரி இருந்துச்சி."

"நீ என்ன சொன்ன?"

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே சிரிச்சேன். தம்பியப் பாக்கப் போறேன்னேன்."

அண்ணாச்சி அவள் முகத்தைப் பார்க்காமல் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டி நின்றார். ஒரு பெரிய ஆம்பளை பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

அதன்பிறகு அவருடைய கேள்விகள் மாறிவிட்டன. புளியரை தாண்டியதும் பாட்டை நிறுத்துவதும் கண்ணாடியை இறக்குவதும் பழையபடிதான். ஆனால் கண்ணாடியில் இருந்தது கவுண்டர் ஆபீசர் இல்லை. "ஒன் பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்கிட்டா என்ன செய்வ? போன புடுங்கிட்டா யாரு நம்பரு மனசுல இருக்கு? வீட்டுக்காரன் பேரு தெரியுமா? வெளியருந்து பூட்டுனா எந்த ஜன்னல்ல கத்துவ?" பாதிப் பேர் அழுதார்கள். ஒருத்தி மலைப்பாதையில் ஆரியங்காவில் வாந்தி எடுத்தாள். ஏஜெண்டுகள் சத்தம் போட்டார்கள், இப்படிப் பயமுறுத்தினால் யார் போவார்கள் என்று. சிலர் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள்.

இவ்வளவு பயம் இருந்தால் ஓட்டுவதையே நிறுத்தவேண்டியதுதானே என்று அவர் மனைவி கேட்டார்.

"நான் ஓட்டலன்னா இன்னொருத்தன் ஓட்டுவான். அவன் பாட்டுப் போட்டுக்கிட்டே ஓட்டுவான்" என்றார்.

அந்த வண்டியில் எங்கள் அம்மாவும் ஒருநாள் ஏறினாள்.

அப்பா செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் லோடு ஏற்றுகிறவர். அறுக்காத மரத் தடி ஒன்று உருண்டு இடுப்பில் விழுந்து படுத்த படுக்கையாகிவிட்டார். நான் அப்போதுதான் நர்சிங் படிப்பில் சேர்ந்திருந்தேன். அம்மா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் சமையல் செய்துகொண்டிருந்தாள். சீசன் முடிந்தால் அடுப்பும் அணைந்துவிடும். அம்மா யாரிடமும் கலந்து பேசவில்லை. ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, "துபாய்ல வயசான ஒரு அம்மாவப் பாத்துக்கிடணுமாம். சரின்னுட்டேன்" என்றாள். நான் அழுதேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற அம்மாவுக்கு விசிட் விசா எடுத்தாகிவிட்டது.

வழியனுப்ப நானும் போனேன். அம்மா பின்சீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மலையில் சாரல். புளியரை தாண்டியது, பாட்டு நின்றது, கண்ணாடி இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எம்மா, வீட்டுக்காரன் பேரென்ன?"

"ஏஜெண்டு சொல்லலியே அண்ணாச்சி."

"எந்தத் தெரு?"

"அங்கன வந்து கூட்டிட்டுப் போவாவளாம்."

"ஒன் போன புடுங்கிட்டாவன்னு வையி. யாரு நம்பருக்குப் பேசுவ?"

அம்மா என் நம்பரைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டாள். எல்லாமே போனில் பதிந்து கிடக்கிறது, யார் மனப்பாடம் செய்கிறார்கள்? அண்ணாச்சி வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினார். "அந்தப் பிள்ள நம்பரு வேண்டாம். கிளாஸ்ல இருந்தா எடுக்க மாட்டா. என் நம்பரச் சொல்லுதேன், பாட்டு மாதிரி சொல்லு" என்றார். குளத்துப்புழை வரைக்கும் அம்மா அந்த நம்பரையே சொல்லிக்கொண்டு வந்தாள். டீக்கடையில் சொன்னாள், டீ குடித்துக்கொண்டே சொன்னாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஏர்போர்ட் வாசலில் அண்ணாச்சி அம்மாவிடம் கடைசியாக ஒன்று சொன்னார். "உள்ள இருக்கவரு உண்மையக் கேட்டா, உண்மையச் சொல்லிரு. திருப்பி அனுப்பிருவாவ, அவ்வளவுதான. நான் இங்கனதான் நிப்பேன்."

அம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அவர் எதையோ வேண்டிக்கொள்வது தெரிந்தது. இத்தனை வருஷமாக எல்லோரும் கவுண்டரைத் தாண்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்ட மனிதர் அன்றைக்கு என்ன வேண்டினார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். நானும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

போன் வந்தது. "ஒண்ணுமே கேக்கல அண்ணாச்சி. மொகத்தக்கூடப் பாக்கல. சீல் அடிச்சிட்டாவ" என்றாள் அம்மா. அண்ணாச்சி போனை என்னிடம் கொடுத்துவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

போய்ச் சேர்ந்ததும் அம்மா ஒருமுறை பேசினாள். அதோடு சரி. அவளுடைய போன் அடிக்கவே இல்லை. இலஞ்சிப் பெண்ணைப் பற்றி அண்ணாச்சியிடம் சொன்ன அதே வார்த்தைகளை ஏஜெண்டு என்னிடமும் சொன்னான். ராத்திரி பகல் தெரியாமல் நாட்கள் போயின. அப்பா சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். நான் கிளாசுக்குப் போவேன், உடம்பின் பாகங்களைப் படிப்பேன், ஒவ்வொரு எலும்பின் பெயரைப் படிக்கும்போதும் அம்மாவுக்கு அது உடைந்திருக்குமோ என்று தோன்றும். அந்த நினைப்பை யாரிடம் சொல்வது?

ஒருநாள் மத்தியானம் அண்ணாச்சி போனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாயில் விரலை வைத்து எங்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டார். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"பக்கத்துல ஆளு இருக்கு" என்று கிசுகிசுத்தாள் அம்மா. அந்த வீட்டுக் கிழவியின் போனாம். கிழவிக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டே மடியில் மறைத்து வைத்துப் பேசுகிறாளாம். மேலே ஒரு வார்த்தை பேசினால் கேட்டுவிடும்.

அண்ணாச்சி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். "பேசாத. ஆமான்னா ம்-னு மட்டும் சொல்லு. இல்லன்னா சும்மா இரி" என்றார். எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த அந்தக் குரல்தான். ஆனால் இவ்வளவு மெதுவாக அதை நான் கேட்டதே இல்லை.

"நம்பரப் பாத்தா துபாய் இல்ல, மஸ்கட்டு. ஒன்னய வேற ஊருக்குக் கொண்டுட்டுப் போயிட்டாவளா?"

"ம்."

"அடிக்காவளா?"

பதில் இல்லை. இல்லை என்று அர்த்தமா, அழுகிறாளா என்று தெரியவில்லை. அப்பா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"சாப்பாடு குடுக்காவளா?"

பதில் இல்லை.

"வெளிய பூட்டுதாவளா?"

"ம்."

"குப்ப கொட்ட நீதான் போறியா?"

"ம்."

"தனியாவா?"

"ம்."

"காலைலயா?"

"ம்."

"குப்பத்தொட்டிகிட்ட பெரிய ரோடு இருக்கா? டாக்சி போகுதா?"

கொஞ்சம் பொறுத்து, "ம்."

அண்ணாச்சி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நல்லாக் கேட்டுக்கோ. நாளைக்குக் குப்ப கொட்டப் போனா திரும்பி உள்ள வராத. துணி எடுக்காத, பாஸ்போர்ட்டத் தேடாத. எந்த டாக்சி வந்தாலும் கையக் காட்டி ஏறு. இந்தியன் எம்பசின்னு சொல்லு. ரெண்டே வார்த்த. டாக்சிக்காரன் என்ன கேட்டாலும் அதையே சொல்லு. என் நம்பரு மனசுல நின்ன மாதிரி இது நிக்கணும். நிக்குமா?"

பதில் இல்லை. அந்தப் பக்கம் யாரோ அரபியில் சத்தம் போட்டார்கள். போன் வைக்கப்பட்டது.

அவள் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அது சத்தம் வந்ததாலா, நிற்காது என்பதாலா? எங்களுக்குத் தெரியவில்லை. அண்ணாச்சி வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் விடிந்த பிறகும் அதே சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். யாரும் தொடவில்லை. நான் மாற்றி மாற்றி ஒன்றையே நினைத்தேன், ஓடினால் பிடித்துவிடுவார்கள், ஓடாவிட்டால் செத்துவிடுவாள் என்று. மத்தியானத்துக்கு மேல் எம்பசியிலிருந்து ஒரு தமிழ்க்காரர் பேசினார். அம்மா அவர்களிடம் வந்துவிட்டாள் என்றார். அப்பா அழுத சத்தம் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

காகிதங்கள் எல்லாம் சரியாகி அம்மா வந்து சேரச் சில மாதங்கள் பிடித்தன. அண்ணாச்சிதான் போய்க் கூட்டிவந்தார். வந்த அம்மா பழைய அம்மா இல்லை. வீட்டுக் கதவைச் சாத்தவிடமாட்டாள், மழை பெய்தாலும் திறந்தேதான் கிடக்க வேண்டும். ஆனால் அந்தத் திறந்த கதவைத் தாண்டி வெளியே கால் வைக்கவும் மாட்டாள். தெருமுனைக் கடைக்குப் போகச் சொன்னால்கூட வேர்த்துவிடும். அம்மாவுக்கு என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை. ஏஜெண்டு மட்டும் இரண்டொரு முறை பைக்கில் வந்து தெருவில் நின்று, அம்மாவைத் தப்பி ஓடச் சொன்ன ஆபீசரின் காலை உடைப்பேன் என்று கத்திவிட்டுப் போனான். அண்ணாச்சி வண்டியை வெளியே எடுக்கவே பயந்தார்.

ஒருநாள் காலையில் எங்கள் வாசலில் வண்டி வந்து நின்றது. பின்சீட்டில் புதுச் சேலை கட்டிய ஒரு பெண் இருந்தாள். மடியில் கைப்பை. அண்ணாச்சி இறங்கி எங்கள் வாசற்படியில் நின்றார். உள்ளூர் ஏஜெண்டுகள் கைவிட்ட பிறகு வெளியூர்க்காரன் எவனோ கொடுத்த சவாரி.

"எம்மா, இந்தப் பிள்ள நான் என்ன கேட்டாலும் டாண் டாண்ணு சிரிச்சிக்கிட்டே பதில் சொல்லுது" என்றார். "எவன் பழக்குனானோ, என்னயவிடப் பெரிய ஆளா இருப்பான். நான் பயமுறுத்துனாலும் பயப்பட மாட்டேங்கு. எனக்குத்தான் பயமா இருக்கு. நீ வந்து ஒரு வார்த்த கேளேன்."

அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நைட்டியின் மேல் ஒரு துண்டு. அவள் கழுத்தில் நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. வரமாட்டாள், உள்ளே போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் படியில் இறங்கினாள். தெருவில் இறங்கி, வண்டியின் ஜன்னலில் கை வைத்துக் குனிந்தாள்.

"எந்த ஊரும்மா நீ?"

"கடையநல்லூர்க்கா."

"வேலைக்கா போற?"

அந்தப் பெண் அழகாகச் சிரித்தாள். "இல்லக்கா. எங்க சித்தி அங்கன இருக்காவ. பாத்துட்டு வந்துருவேன்."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பின்கதவைத் திறந்து, "கொஞ்சம் தள்ளிக்கோ தாயி" என்று அவளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"எம்மா, எங்க போறே? செருப்புகூடப் போடல" என்று நான் ஓடினேன்.

"பேசிக்கிட்டே போறோம். நீ அப்பாவுக்குச் சோறு போடு. வண்டிய எடுங்க அண்ணாச்சி."

வண்டி செங்கோட்டை ரோட்டில் திரும்பி மறைந்தது. அன்று முழுக்க நான் வாசலிலேயே இருந்தேன். அம்மாவுக்கு வழியில் மயக்கம் வந்தால்? ஏர்போர்ட்டில் கூட்டத்தைப் பார்த்து அலறினால்? ஏஜெண்டின் ஆட்கள் வழிமறித்தால்? அண்ணாச்சியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. அப்பா உள்ளேயிருந்து வந்தாச்சா, வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் வண்டி வந்து எங்கள் வாசலில் நின்றது. அதில் மூன்று பேர் இருந்தார்கள்.